சீட் தராத ஒரு தேர்வு: ஏ.பி. எழுதலாமா என்ற கணக்கு

மதுரையில் ‘என்ட்ரன்ஸ்’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு. எழுதித் தேறினால் சீட், தேறாவிட்டால் சீட் இல்லை. நீட்டும் ஜே.இ.இ.யும் அந்தப் பொருளோடுதான் நம் வீடுகளுக்குள் நுழைந்தன. எனவே, பிள்ளையைப் பட்டப்படிப்புக்கே அமெரிக்காவுக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர், அங்கே ஏ.பி. என்றொரு தேர்வு இருப்பதைக் கேள்விப்பட்டவுடன் அதையும் அதே வரிசையில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். அந்த இடத்தில்தான் கணக்கு தவறத் தொடங்குகிறது.

நான் கே.கே. நகரில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவன். இந்த ஆடி மாதம் ஒரு மாணவியின் தந்தை வகுப்பு முடியும்வரை வாசலில் காத்திருந்து, நான்காக மடித்த ஒரு தாளை என்னிடம் நீட்டினார். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை தரும் ஒரு நிறுவனம் கொடுத்த தாள் அது. இயற்பியலில் இரண்டு, பொருளியலில் இரண்டு, கால்குலஸ், புள்ளியியல், உளவியல் என ஏழு ஏ.பி. பாடங்கள் அதில் வரிசையாக அச்சாகியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் பயிற்சிக் கட்டணம் தனித்தனியே குறிக்கப்பட்டிருந்தது. “சார், என் மச்சான் நியூஜெர்சியில இருக்காரு. அங்கன உள்ள பிள்ளைக எல்லாம் ஏழு, எட்டு ஏ.பி. எழுதுதுகளாம். இவ ஒண்ணுகூட எழுதலைன்னா எப்படி சார் சீட் குடுப்பாங்க?” என்று கேட்டார். மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ படிக்கும் அவருடைய மகள், இயற்பியலும் வேதியியலும் கணிதமும் சேர்ந்த சுமையையே தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள். உளவியலை அவள் பள்ளியில் ஒரு நாளும் படித்தது கிடையாது.

அவருடைய கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல, அந்தத் தேர்வு எதற்காகப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஏ.பி. என்பது ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ என்பதன் சுருக்கம். நம் ஊர்ப் பொறியியல் கல்லூரி விளம்பரங்களில் பிளேஸ்மென்ட் என்றால் வேலை. இங்கே அதன் பொருள், மாணவரைக் கல்லூரியில் எந்த நிலை வகுப்பில் உட்கார வைப்பது என்பது. 1950களின் தொடக்கத்தில், தரமான பள்ளிகளில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போன அமெரிக்க மாணவர்கள், முதலாண்டில் படித்ததையே திரும்பப் படித்து நேரத்தை வீணாக்குகிறார்கள் என்ற குறை எழுந்தது. ஃபோர்டு அறக்கட்டளை உருவாக்கிய ஒரு நிதியத்தின் உதவியோடு நடந்த முயற்சிகளுக்குப் பிறகு, 1955இல் காலேஜ் போர்டு என்ற அமைப்பு இந்தத் திட்டத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1956இல் 11 பாடங்களில் தேர்வு நடந்தது. இன்று பாடங்கள் ஏறத்தாழ 40. ஆண்டுக்கு ஒரு முறை, மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் தேர்வுகள் நடக்கும். மதிப்பெண் 1 முதல் 5 வரை. கல்லூரியின் முதலாண்டுப் பாடத்தைப் பள்ளியிலேயே படித்து முடித்துவிட்டேன் என்று ஒரு மாணவர் காட்டுவதற்கான சான்று அது. கதவைத் திறக்கும் வேலை அதற்குத் தரப்படவில்லை. கதவுக்கு உள்ளே போன பிறகு எந்த நாற்காலி என்று சொல்லும் வேலையே தரப்பட்டது.

நமக்கு இது புரியத் தடையாக இருப்பது நம்முடைய அனுபவமே. இன்று பிளஸ் டூ பிள்ளைகளின் பெற்றோராக இருப்பவர்களில் பலர், தமிழ்நாட்டின் தொழிற்கல்வி நுழைவுத் தேர்வை எழுதியவர்கள். 1984இல் வந்த அந்தத் தேர்வில், பள்ளி மதிப்பெண்ணிலிருந்து 200, நுழைவுத் தேர்விலிருந்து 100 என 300க்குக் கட்-ஆஃப் கணக்கிட்டு, அரை மதிப்பெண்ணில் மருத்துவமும் பொறியியலும் கைநழுவியதை அவர்கள் மறக்கவில்லை. 2006ஆம் ஆண்டின் சட்டம், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு, அந்தத் தேர்வை நீக்கியது. அதன்பின் பொறியியலுக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றானது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குப் போடும் கட்-ஆஃப் கணக்கு இன்றும் நடப்பில் இருக்கிறது. மருத்துவத்துக்கோ 2017இல் நீட் வந்து எல்லாவற்றையும் மாற்றியது. தேர்வு வந்தால் சீட் போகும், தேர்வு போனால் சீட் வரும் என்று இப்படி நாற்பதாண்டுகளாகப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, சீட்டோடு நேரடித் தொடர்பில்லாத ஒரு தேர்வு இருக்க முடியும் என்பதே நம்பக் கடினம்தான்.

அப்படியானால் ஏ.பி. எழுதினால் கைக்கு என்ன வருகிறது? கிரெடிட் வருகிறது. அதுவும் எல்லா இடத்திலும் வருவதில்லை. அமெரிக்கப் பட்டப்படிப்பு பொதுவாக 120 கிரெடிட் கொண்டது. ஒரு பாடத்துக்கு மூன்றோ நான்கோ கிரெடிட் அமையும். ஏ.பி.யில் இத்தனை மதிப்பெண் எடுத்தால் இந்தப் பாடத்தைப் படிக்க வேண்டியதில்லை, அதன் கிரெடிட்டை உங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறோம் என்று ஒவ்வொரு கல்லூரியும் தனக்கெனத் தனி விதி வைத்திருக்கிறது. டெக்சஸ் மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக 3 எடுத்தாலே கிரெடிட் தர வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்திலும் 3க்குக் கிரெடிட் உண்டு. ஆனால் அந்தக் கிரெடிட் உங்கள் முதன்மைப் பாடத்தில் எதற்கு ஈடாகும் என்பதை அந்தந்த வளாகம் தீர்மானிக்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், இரண்டு கால்குலஸ் தேர்வுகளில் கடினமானதான கால்குலஸ் பி.சி.யில் 5 எடுத்தால் முதல் பருவக் கால்குலஸ் பாடத்துக்குக் கிரெடிட் கிடைக்கும்; வேதியியலில் 5 எடுத்தாலும் ஒன்றும் கிடைக்காது. கால்டெக் என்ற கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகம் ஏ.பி.க்குக் கிரெடிட்டே தருவதில்லை.

டார்ட்மத் கல்லூரியின் கதை இன்னும் சுவையானது. ஏ.பி. உளவியலில் 5 எடுத்து வந்த மாணவர்களுக்கு, அங்குள்ள உளவியல் துறை தன்னுடைய அறிமுகப் பாடத்தின் இறுதித் தேர்வைச் சுருக்கிக் கொடுத்துப் பார்த்தது. எழுதியவர்களில் பத்தில் ஒன்பது பேர் தேறவில்லை என்று 2013இல் செய்தி வந்தது. காலேஜ் போர்டு அந்த முடிவை ஏற்க மறுத்தது. டார்ட்மத், 2014 இலையுதிர் காலத்தில் சேரும் வகுப்பிலிருந்து ஏ.பி.க்குக் கிரெடிட் தருவதையே நிறுத்திக்கொண்டது. எந்தப் பக்கம் சரி என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே 5, ஓர் ஊரில் பணம், இன்னோர் ஊரில் வெறும் காகிதம் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

இங்கே ஏழைப் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். வெளிநாட்டு மாணவரின் பணவசதியைப் பார்க்காமல் சேர்த்து, சேர்ந்த பிறகு தேவையான உதவி முழுவதையும் தருகிற அமெரிக்கக் கல்லூரிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, எம்.ஐ.டி. அவற்றில் ஒன்று, 2022 முதல் டார்ட்மத்தும் ஒன்று. செல்லூரிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ ஒரு பிள்ளை உதவித்தொகையோடு போக வேண்டுமானால் பெரும்பாலும் இப்படிப்பட்ட கல்லூரிகளுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஏ.பி. கிரெடிட்டை மிகக் கஞ்சத்தனமாகத் தருகிறவையும் இவையே. பணம் இல்லாததால் ஏ.பி. எழுத முடியவில்லையே என்று அந்தப் பிள்ளை வருந்த வேண்டியதில்லை. போகக்கூடிய இடத்தில் அதன் பயன் மிகச் சிறியது.

பணம் கட்டிப் படிக்கப் போகிறவர்களுக்குத்தான் கணக்கு நுட்பமானது. கிரெடிட் மிச்சமானால் பணம் மிச்சம் என்று ஆலோசனை நிறுவனங்களின் தாள்கள் சொல்கின்றன. பாதி உண்மை. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில், முழுநேர மாணவருக்கான கட்டணம் செமஸ்டருக்கு இவ்வளவு என்று மொத்தமாக இருக்கும். நான்கு பாடம் எடுத்தாலும் ஐந்து எடுத்தாலும் அதே தொகை. மாணவர் விசாவில் போகிறவர் பட்டப்படிப்பில் ஒரு செமஸ்டருக்குப் பொதுவாகக் குறைந்தது 12 கிரெடிட் எடுத்தாக வேண்டும் என்பதால், ஏ.பி. இருக்கிறதே என்று ஒரு செமஸ்டரை இரண்டு பாடத்தோடு ஓட்டவும் முடியாது. ஆகவே ஒரு பாடத்துக்கோ இரண்டு பாடத்துக்கோ கிரெடிட் வந்தால் கட்டணத்தில் ஒரு காசும் குறையாமல் போகலாம். படிப்பையே ஒரு செமஸ்டர் முன்னதாக முடித்தால்தான் பணம் மிஞ்சும். அதற்குப் பதினைந்து கிரெடிட் அளவுக்காவது, அதாவது நான்கைந்து பாடங்களுக்கு, உங்கள் பட்டத்துக்குப் பொருந்தும் கிரெடிட் வேண்டும். கிரெடிட் கணக்கில் கட்டணம் வாங்கும் கல்லூரியானால் இந்தக் கணக்கு மாறும். அங்கே ஒவ்வொரு பாடமும் காசுதான். எனவே கல்லூரியின் ஏ.பி. பக்கத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் கட்டணப் பக்கத்தைப் பார்ப்பது நல்லது. நான் பார்த்தவரை, நம் பெற்றோரில் அதைச் செய்தவர் ஒருவர்கூட இல்லை.

இன்னும் கிரெடிட் சேர்த்து ஓராண்டே முன்னதாக முடிப்பதில் ஓர் இழப்பும் ஒளிந்திருக்கிறது. அங்கே வேலை கிடைப்பது பெரும்பாலும் கோடை விடுமுறைப் பயிற்சி வழியாகத்தான். மூன்றாம் ஆண்டுக்கும் நான்காம் ஆண்டுக்கும் இடையில் வரும் கோடைப் பயிற்சிதான் பலருக்கு வேலையாக மாறுகிறது. அவசரமாக ஓராண்டைக் குறைத்தவருக்கு அந்தக் கோடைகளில் ஒன்று குறைந்துபோகும். கடன் வாங்கி அனுப்பிய குடும்பத்துக்கு, மிச்சமான கட்டணத்தைவிட அந்த ஒரு கோடையின் மதிப்பு கூடுதலாக இருக்கலாம்.

சரி, கிரெடிட் போகட்டும், சேர்க்கைக் குழு விண்ணப்பத்தைப் பார்க்கும்போது ஏ.பி. மதிப்பெண் உதவாதா என்று அந்தத் தந்தை விடாமல் கேட்டார். உதவும்; ஆனால் நாட்காட்டியை எடுத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளுக்கான விண்ணப்பங்கள் பிளஸ் டூ படிக்கும் ஆண்டில் நவம்பர் தொடக்கத்திலும் ஜனவரி தொடக்கத்திலும் முடிந்துவிடும். முடிவுகள் மார்ச் இறுதிக்குள் வந்துவிடும். எங்கே சேர்கிறோம் என்று மாணவர் மே 1க்குள் சொல்ல வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். பிளஸ் டூ முடித்து மே மாதத்தில் எழுதும் ஏ.பி.யின் மதிப்பெண் ஜூலையில் வருகிறது. அதாவது சேர்க்கைக் குழுவின் மேசைக்கு அது போய்ச் சேரும்போது அங்கே குழுவும் இருக்காது, மேசையும் இருக்காது. சேர்க்கைக்கு உதவ வேண்டுமானால் பிளஸ் ஒன் முடிந்த கையோடு மே மாதத்தில் எழுதியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய நவம்பரிலேயே பதிவு செய்திருக்க வேண்டும்.

பிளஸ் ஒன்னில் எழுத முடியுமா? நம் மாநிலப் பாடநூலைத் திறந்து பாருங்கள். எல்லை, வகையிடல், தொகையிடல் ஆகியவற்றின் அடிப்படை பிளஸ் ஒன் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. வரையறுத்த தொகையிடல், பரப்பு, கனஅளவு, இடைமதிப்புத் தேற்றம், வகைக்கெழுச் சமன்பாடு எல்லாம் பிளஸ் டூவில்தான் வருகின்றன. எளிய நிலையான கால்குலஸ் ஏ.பி. தேர்வுக்கே இவை வேண்டும். பிளஸ் ஒன் முடிக்கும் பிள்ளை அந்தத் தேர்வுக்கு உட்கார வேண்டுமானால், அடுத்த ஆண்டுப் பாடத்தில் பாதியைத் தானே படித்திருக்க வேண்டும். அப்படிப் படித்துவிடும் பிள்ளைகளும் உண்டு. என் வகுப்பிலேயே இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருவர் வருகிறார். மற்றவர்களை அதற்குத் தள்ளினால் இரண்டும் கெட்டுப்போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகள் மாணவரை அவர் படித்த பள்ளியின் பின்னணியில் வைத்துத்தான் பார்க்கின்றன. பள்ளியில் இருபது ஏ.பி. பாடம் நடக்கும் நியூஜெர்சிப் பிள்ளை ஒன்றுகூட எடுக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏ.பி. என்ற பெயரே கேள்விப்படாத பள்ளியில், பொதுத்தேர்வு எழுதி வரும் பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அங்கே இருந்த பாடங்களில் கடினமானதை எடுத்தாரா, நன்றாகச் செய்தாரா என்றுதான் பார்க்கிறார்கள். மச்சான் சொன்னது அவர் தெருவில் முழு உண்மை; நம் தெருவுக்கு அது அப்படியே பொருந்தாது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஏ.பி. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குறிப்பாக, கால்குலஸ் தேர்வின் வினாத்தாளில் நம் பிள்ளைகளுக்குத் தேவையான ஒன்று இருக்கிறது. அதன் அமைப்பு இது: மூன்றேகால் மணி நேரம், 45 கொள்குறி வினாக்கள், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, பிறகு 6 விரிவான வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 9 புள்ளிகள், இரு பகுதிக்கும் சம எடை. இரண்டு பகுதியிலும் சில வினாக்களுக்கு மட்டும் கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாம். லாகரிதம் அட்டவணையைப் புரட்டிப் பழகிய நம் பிள்ளைகள் இதைக் கேட்டதும் மகிழ்ந்துபோகிறார்கள். வினாவைப் பார்த்ததும் அந்த மகிழ்ச்சி குறைந்துவிடுகிறது.

அந்தப் பாணியில் நானே ஒரு கணக்கை எழுதி அந்த மாணவியிடம் கொடுத்தேன். வைகை அணையிலிருந்து ஒன்பது மணி நேரம் தண்ணீர் திறக்கப்படுகிறது. திறப்பு வேகம், தொடக்கத்தில் வினாடிக்கு 900 கன அடி. 2 மணி நேரம் கழித்து 960. 5 மணி நேரம் கழித்து 1,400. 9 மணி நேரம் கழித்து மறுபடியும் 900. வேகத்தைத் தரும் சார்பு எது என்று சொல்லப்படவில்லை; அது வகையிடத்தக்கது என்று மட்டும் சொல்லப்பட்டிருக்கிறது. முதல் கேள்வி: திறந்துவிட்ட மொத்தத் தண்ணீர் ஏறத்தாழ எவ்வளவு? இரண்டாவது: வேகம் கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் நின்ற ஒரு கணம் கட்டாயம் இருந்ததா? காரணம் கூறுக.

தொகையிடலில் அவள் கெட்டிக்காரி. பகுதிகளாகப் பிரித்துத் தொகையிடு என்றால் வாய் மூடுவதற்குள் போட்டுவிடுவாள். இங்கே தொகையிட ஒரு சார்பே இல்லை என்பதைப் பார்த்ததும் பேனா நின்றுவிட்டது. “சார், ஈக்வேஷன் விட்டுப்போச்சு” என்றாள். விட்டுப்போகவில்லை, இதுதான் கணக்கு என்றேன். வரைபடத்தில் புள்ளிகளை வைத்து, சரிவகங்களாகப் பிரித்தாள்: இரண்டு மணி நேரத்துக்குச் சராசரி 930, மூன்று மணி நேரத்துக்கு 1,180, நான்கு மணி நேரத்துக்கு 1,150. கூட்டினால் 1,860, 3,540, 4,600, மொத்தம் 10,000. விடை 10,000 என்று அடிக்கோடிட்டுவிட்டுப் பேனாவை மூடினாள். பத்தாயிரம் என்ன என்று கேட்டேன். வேகம் வினாடிக் கணக்கில், நேரம் மணிக் கணக்கில் இருக்கிறது. 3,600ஆல் பெருக்கினால்தான் கன அடி வரும். 3 கோடியே 60 லட்சம் கன அடி, அதாவது 36 மில்லியன் கன அடி. நாளிதழில் அணை நிலவரத்தில் தினமும் அச்சாகும் அதே அலகு. மதுரைக் குழாய்களுக்கு வருவதிலும் அந்தத் தண்ணீர் உண்டு.

இரண்டாவது கேள்விக்கு ரோலின் தேற்றம் போதும். தொடக்கத்திலும் முடிவிலும் வேகம் 900. சார்பு வகையிடத்தக்கது, ஆகவே தொடர்ச்சியானதும்கூட. எனவே இடையில் ஏதோ ஒரு கணத்தில் வகைக்கெழு பூச்சியம். தேற்றம் பிளஸ் டூ பாடநூலில் இருக்கிறது, அவளுக்கு அது மனப்பாடமாகவே தெரியும். ஆனால் ‘இந்தச் சார்புக்கு ரோலின் தேற்றத்தைச் சரிபார்க்க’ என்று கேட்டுத்தான் அவளுக்குப் பழக்கம். தேற்றத்தின் பெயர் சொல்லப்படாத இடத்தில் அதைத் தானே நினைவுக்குக் கொண்டுவந்து, அதன் நிபந்தனைகள் நிறைவேறுகின்றனவா என்று பார்த்து, அதை இரண்டு வாக்கியத்தில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை. நாங்கள், ஆசிரியர்கள், கேட்டதில்லை. அமெரிக்காவில் முதல் செமஸ்டரில் நம் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் கணக்கில் அல்ல, இந்த இரண்டு வாக்கியத்தில்தான். அந்த வகையில் ஏ.பி. கால்குலஸுக்குத் தயாராவது கிரெடிட் வந்தாலும் வராவிட்டாலும் வீணாகாது. இதற்குத் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய தேவைகூட இல்லை. கடந்த ஆண்டுகளின் விரிவான வினாக்களையும் மதிப்பிடும் முறையையும் காலேஜ் போர்டே இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது.

கிரெடிட் வந்தாலும் அதை உடனே பயன்படுத்த வேண்டுமா என்பது தனிக் கேள்வி. முதல் கால்குலஸ் பாடத்தைத் தாண்டிவிட்டால் பல மாறிகளைக் கொண்ட கால்குலஸில் நேராகப் போய் உட்கார வேண்டும். புது நாடு, புது உச்சரிப்பு, குளிர், விடுதிச் சாப்பாடு எல்லாம் சேர்ந்த அந்த முதல் செமஸ்டரில், தெரிந்த பாடம் ஒன்று இருப்பது மூச்சுவிட இடம் தரும். பொதுப் பாடங்களில் கிரெடிட்டைப் பயன்படுத்திக்கொண்டு, முதன்மைப் பாடத்தை அடியிலிருந்து படிப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஏ.பி. எழுதாமல் போனவர்களுக்கும் வழி அடைத்துப்போவதில்லை. பல கல்லூரிகள் சேர்ந்த பிறகு தாங்களே ஒரு தேர்வு வைத்து, தேறியவர்களை மேல்நிலை வகுப்பில் வைக்கின்றன, எம்.ஐ.டி.யிலும் அப்படிப்பட்ட தேர்வு உண்டு. நம் பிளஸ் டூ கணக்கை ஒழுங்காகப் படித்தவர் அங்கே போய் அதை எழுதிக்கொள்ளலாம்.

இந்தியாவிலேயே படிக்கப் போகிறவர்களுக்கு இந்தப் பேச்சு எதுவும் தேவையில்லை. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுக்கோ, அதன் வழியாகத் திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் சேர்வதற்கோ ஏ.பி. ஒரு புள்ளியும் சேர்க்காது. அங்கே பொதுத்தேர்வு மதிப்பெண்தான் எல்லாம். திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு என்பதால், ஜே.இ.இ. மெயினுக்குச் செலவழிக்கும் உழைப்பு நம் ஊர்ப் பிள்ளைக்கு நேரடிப் பலன் தரும். அதைத் தமிழிலும் எழுதலாம். ஐ.ஐ.டி.க்கான அடுத்த கட்டத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். கணக்கைக் கணக்குக்காகவே விரும்பும் பிள்ளை, சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகத்தின் நுழைவுத் தேர்வுத் தாள்களை ஒரு முறை பார்க்க வேண்டும். ‘காரணம் கூறுக’ என்ற சொல்லின் முழு எடை அங்கே தெரியும்.

செலவையும் அலைச்சலையும் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவுக்கு வெளியே எழுதுகிறவர்களுக்கு ஒரு பாடத்துக்கு 100 டாலருக்கு மேல் கட்டணம். ஏழு பாடம் என்றால், பயிற்சியைக் கணக்கில் சேர்க்காமலே அரை லட்ச ரூபாயைத் தாண்டிவிடும். மையம் எந்த ஊரில் கிடைக்கிறது என்று பதிவுக்கு முன்பே விசாரிக்க வேண்டும்; மதுரைப் பிள்ளைக்கு அது பெரும்பாலும் சென்னைக்கோ பெங்களூருவுக்கோ ஒரு பயணம். தேர்வு காலையில் என்பதால் முந்தின நாளே போய்த் தங்க வேண்டியிருக்கும். மே மாதத்தில் நமக்கு வேறு சில தேதிகளும் உண்டு. 2025இல் ஏ.பி. கால்குலஸ் தேர்வு மே 12 திங்கட்கிழமை நடந்தது. அதே நாள் அதிகாலையில்தான் கள்ளழகர் வைகையில் இறங்கினார். அன்றைக்கு மதுரையிலேயே தேர்வு மையம் இருந்திருந்தாலும் கோரிப்பாளையத்தைத் தாண்டி யாரும் போய்ச் சேர்ந்திருக்க முடியாது என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம்.

அந்த மாணவி ஐப்பசி மாதத்தில் மறுபடி வந்தாள், ஒரு நோட்டுத் தாளோடு. தான் விண்ணப்பிக்கும் ஆறு கல்லூரிகளின் பெயர்களை இடப்பக்கம் எழுதி, ஒவ்வொன்றின் ஏ.பி. விதியையும் கட்டண முறையையும் எதிரே குறித்திருந்தாள். கால்குலஸ் பி.சி.க்கு மூன்றில் கிரெடிட் உண்டு. ஒன்றில் மட்டும் கட்டணம் கிரெடிட் கணக்கில். மற்றப் பாடங்கள் எதற்கும் ஆறில் ஒன்றுக்கு மேல் பயன் இல்லை. உளவியலை அவளே சிவப்பு மையால் அடித்திருந்தாள். தந்தை அந்தத் தாளை இரண்டு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அப்ப ஒண்ணுதானாம்மா?” என்று மகளிடம் கேட்டார். ஒன்றுதான் என்று முடிவானது. பள்ளிப் பாடத்தில் இல்லாத முடிவிலித் தொடர்களின் ஒருங்கும் தன்மை, துருவ ஆயத்தொலைவுகளில் பரப்பு ஆகிய இரண்டையும் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டோம். பொதுத்தேர்வு முடியும்வரை அதற்கு மேல் ஒரு மணி நேரமும் கிடையாது என்பது என் நிபந்தனை.

பதிவு முடிந்துவிட்டது, மையம் சென்னையில். பாண்டியன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும் என்பதால் அந்த நாள் மார்ச் நடுவில், பிளஸ் டூ பொதுத்தேர்வின் மத்தியில் வருகிறது. காலை எட்டு மணிக்கு அவள் தேர்வுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் தான் ஃபோனோடு உட்கார்ந்துகொள்வதாக அப்பா சொல்லியிருக்கிறார்.